மாராயியின் பேரைத் தேள் எடுத்துக்கொண்ட கதை

வெங்கக்கரட்டில் யாரும் கல்லைச் சும்மா புரட்டமாட்டார்கள். குவாரியில் வெடி வைத்துச் சரிந்த பாறைத் துண்டாக இருந்தாலும் சரி, வீட்டு வாசலில் கிடக்கிற ஆட்டுக்கல்லாக இருந்தாலும் சரி, கை வைப்பதற்கு முன்னால் குனிந்து, "தேளு, தேளு, தேளு, ஒதுங்கிக்கோ சாமி" என்று மூன்று தரம் பேர் சொல்லி, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, அப்புறம்தான் புரட்டுவார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் தேள் ஒதுங்கிவிடும், சொல்லாமல் தொட்டால் கொட்டிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வடக்கேயிருந்து கிரஷர் வேலைக்கு வந்த ஆட்கள்கூடத் தமிழில் முதலில் கற்றுக்கொண்டது அந்த வார்த்தையைத்தான். சோறு, தண்ணி எல்லாம் அதற்கப்புறம்.

அந்தப் பேர் வந்த கதையும் கரட்டில் உண்டு. சாமி ஜீவராசிகளுக்கெல்லாம் பேர் பங்கிட்ட நாளில் ஆனை முதலில் வந்து ஆனை என்று வாங்கிக்கொண்டு போனது, குருவி பறந்து வந்து குருவி என்று வாங்கிக்கொண்டு போனது, ஓணானுக்கும் எறும்புக்கும்கூடக் கிடைத்தது. முதுகு நிறையக் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு, ஒன்றுகூடக் கீழே விழுந்துவிடக் கூடாதென்று அடி அடியாக நடந்து வந்த ஒரு ஜீவன் மட்டும் பொழுது சாயும்போதுதான் வந்து சேர்ந்தது. அதற்குள் சாமி கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தது. "பேரு தீந்து போச்சு. யாராச்சும் உன்னைய என்ன சொல்லிக் கூப்படறாங்களோ அதையே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டது. அது போய் ஒரு கல்லுக்கு அடியில் உட்கார்ந்து காத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை. பேர் இல்லாததை என்னவென்று கூப்பிடுவார்கள்? ஒரு யுகம் பொறுத்துப் பார்த்து, ஆற்றமாட்டாமல், கல்லைப் புரட்டிய ஒருத்தன் விரலில் கொட்டியது. அவன் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் "தேள்". அதுவே பேராகிவிட்டது.

ஆகையால் தேள் என்ற பேருக்கு அர்த்தம் என்ன என்று வெங்கக்கரட்டில் கேட்டால் "வலிக்குதுன்னு அர்த்தம்" என்பார்கள். கொஞ்சம் யோசித்துப் பேசுகிறவர்களாக இருந்தால், "என்னையக் கூப்புடுன்னு அர்த்தம்" என்பார்கள். அது விஷத்தை இறக்கி வைக்கக் கொட்டுவதில்லை, தன் பேரைக் காதால் கேட்பதற்காகக் கொட்டுகிறது என்பது கரட்டுக்காரர்களின் முடிவு. அதனால்தான் கொட்டுப்பட்டவர்கள் அங்கே "ஐயோ" என்றோ "அம்மா" என்றோ கத்துவதில்லை. "தேளு" என்றுதான் கத்துவார்கள். கத்தினால் கடுப்பு சீக்கிரம் இறங்கும் என்று நம்பிக்கை. இறங்கியதா என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

இந்தக் கதையை ஊரில் எல்லோரும் சொன்னார்கள் என்றாலும் அதை நம்பி, அந்தத் தேளுக்காக மனசு நொந்தவள் மாராயி ஒருத்திதான்.

மாராயி கரட்டின் வடகோடியில் கடைசி வீட்டில் இருந்தாள். வெங்கக்கரட்டில் பொம்பளைகளுக்குப் பேர் அதிக நாள் தங்குவதில்லை. கட்டி வந்ததும் இன்னார் பொண்டாட்டி ஆகிவிடுவார்கள், பிள்ளை பிறந்ததும் இன்னார் அம்மா ஆகிவிடுவார்கள். மாராயிக்குப் பிள்ளை இல்லை. புருஷன் சென்னியப்பன் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரியில் ஏறி வடக்கே போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் போன் வந்தது, இரண்டாம் வருஷம் தீபாவளிக்கு மட்டும் வந்தது, மூன்றாம் வருஷம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று யாரோ ஒரு பெண்குரல் சொன்னது. அவனோடு போன மற்ற ஆட்கள் மழைக்காலத்தில் திரும்பி வந்தார்கள், மாராயி வீட்டு வழியாக வராமல் சுற்றுப் பாதையில் வந்தார்கள். செத்தவன் பேரைச் சொல்லலாம், உயிரோடிருப்பவன் பேரையும் சொல்லலாம், இரண்டில் எது என்று தெரியாதவன் பேரை அவன் பெண்டாட்டி முன்னால் எப்படிச் சொல்வது என்று ஊருக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் சென்னியப்பன் பொண்டாட்டி என்று சொல்வதையும் விட்டுவிட்டார்கள். குவாரி மேஸ்திரி பொன்னுச்சாமி காலையில் ஆள் எண்ணும்போது, "கடேசி வூடு வந்தாச்சா?" என்று கேட்பார். கூடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கடைசி வீடு தலையை ஆட்டும்.

ஊரில் ஆண்கள் பெண்டாட்டியைக் கூப்பிடுவதற்கு "இந்தா" போதும், "ஏ புள்ள" போதும். சென்னியப்பன் ஒருத்தன்தான் முழுப்பேரையும் சொல்லி, கடைசி எழுத்தை மட்டும் கொஞ்சம் இழுத்து, "மாராயீ" என்று கூப்பிட்டான். பெரிய பிரியத்தினால் என்று சொல்ல முடியாது, அவனுக்கு வாய் அப்படி. ஆனால் குடிக்கத் தண்ணீர் கேட்பதற்காக அவன் அப்படிக் கூப்பிட்ட சத்தம் மாராயிக்குப் பன்னிரண்டு வருஷமும் காதுக்குள்ளேயே கிடந்தது. எடுத்து எடுத்துக் கேட்டதில் அதுவும் தேய்ந்துபோய், இப்போதெல்லாம் குரல் இருந்தது, பேர் சரியாகக் கேட்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், வீட்டுக்குப் பின்னால் கிடந்த துவைக்கிற கல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதென்று அதைப் புரட்டிச் சமமாகப் போடப் போனாள். கிளுவை வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் சந்தைக்குப் போயிருந்தாள். சுற்றிலும் வெயிலைத் தவிர யாரும் இல்லை. மாராயி குனிந்து கல்லில் கை வைத்தாள். "தே" என்பது வாய் வரைக்கும் வந்தது. அப்போது அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. கல்லுக்கடியில் கிடக்கிற இந்தப் பூச்சியை ஊரே ஒரு நாளைக்கு நாற்பது தரம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது, அதுவும் சாமி போட்டுக் கூப்பிடுகிறது, நம்மை ஒரு தரம் கூப்பிட நாதி இல்லையே என்று நினைத்தாள். அந்தப் பேர் இன்னும் பேர் மாதிரி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "மாராயி, மாராயி, மாராயி, ஒதுங்கிக்கோ சாமி" என்று சொல்லிவிட்டுக் கல்லைப் புரட்டினாள்.

அடியில் ஒரு தேள் இருந்தது. முதுகில் அரிசி நொய்யைக் கொட்டி வைத்தது போல வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள். அது ஒதுங்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. முன்னங்கொடுக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு, கூப்பிட்டது யார் என்று பார்ப்பதைப் போல அசையாமல் நின்றது. பிறகு குஞ்சு ஒன்றுகூட விழாமல் நிதானமாக நடந்து வேலிப்பக்கம் போய்விட்டது. மாராயி கல்லுக்கடியில் மண் தள்ளி, மட்டம் பார்த்துப் போட்டு, இரண்டு சேலையைத் துவைத்துக் காயவைத்தாள். வேறொன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலை பூவாத்தாள் அடுப்புக்கு விறகு எடுக்கப் போன இடத்தில் கட்டைவிரலில் கொட்டு வாங்கினாள். தேளு என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். வந்தது, "மாராயீ!"

வேலிக்கு இந்தப் பக்கம் பழைய சோற்றில் கையை வைத்துக்கொண்டிருந்த மாராயி அந்தச் சத்தத்துக்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஏனுங்?" என்றாள். இத்தனை வருஷம் அந்தப் பதிலைச் சொல்லி வழக்கமில்லாததால் குரல் கரகரவென்று வந்தது. அவள் அப்படிச் சொன்ன மாத்திரத்தில் பூவாத்தாளின் விரலில் ஏறிய கடுப்பு, தண்ணீர் ஊற்றிய அடுப்பு போல அணைந்துவிட்டது. பூவாத்தாள் விரலை நீட்டியும் மடக்கியும் பார்த்துவிட்டு வேலியோரம் வந்தாள்.

"நான் இப்ப என்னன்னு கத்துனேன்?"

"மாராயின்னீங்க்கா."

"அதாரு?"

"நாந்தானுங்."

"உன்ற பேரு அதாக்கும்?" பூவாத்தாள் மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "பத்து வருசமா பக்கத்து வூட்டுல குடியிருக்கறேன், எனக்கே தெரியாது. என்ற வாயிக்கு எப்படித் தெரிஞ்சுதாமா?"

பூவாத்தாள் உலை கொதிக்கிறதென்று உள்ளே போய்விட்டாள்.

அதே வாரத்தில் மேஸ்திரி பொன்னுச்சாமிக்குக் கணுக்காலில் கொட்டியது. அவர் முறைப்படி மூன்று தரம் தேளு என்று சொல்லித்தான் கல்லைப் புரட்டினார். அப்படியும் அது ஒதுங்கவில்லை. ஜீப்பின் டயரைத் தனியாளாகக் கழற்றுகிற மனுஷன், பத்துப் பேருக்கு நடுவில் உட்கார்ந்து "மாராயீ, மாராயீ" என்று தேம்பினார். ஜல்லிக்கூடை தலையில் இருந்த மாராயி நின்ற இடத்திலிருந்தே "ஏனுங்" என்றாள். மேஸ்திரி எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, தேள் கொட்டிய திருடன் போல யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து போனார். அதற்கப்புறம் கொட்டுப்பட்ட ஒவ்வொருவர் வாயிலும் அந்த ஒரு பேர்தான் வந்தது. அவள் ஏன் என்று கேட்டால் வலி போனது, அவள் காதில் விழாவிட்டால் விடிய விடிய நின்றது.

கரட்டு ஜனங்கள் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு உட்கார்ந்துவிடவில்லை. சாயங்காலத்துக்குள் லோடு ஏற்றியாக வேண்டும், ஆச்சரியப்பட ஏது நேரம். தேள் பேரை மாற்றிக்கொண்டது போலிருக்கிறது, நாமும் மாற்றிக்கொள்வோம் என்று, கல்லைப் புரட்டுவதற்கு முன்னால் "மாராயி, மாராயி, மாராயி, ஒதுங்கிக்கோ சாமி" என்று சொல்லப் பழகினார்கள். அப்படிச் சொன்னபோது தேள்கள் முன்போலவே ஒதுங்கின. மாராயியின் தலையிலிருந்து கூடையை இறக்கி, குவாரி வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார் மேஸ்திரி. காதில் விழுகிற தூரத்தில் இருப்பதுதான் இனிமேல் அவள் வேலை. ஊருக்குள் கொட்டுப்பட்டவர்களுக்கும் கேட்க வேண்டுமே என்று அம்மன் கோயில் மைக் செட்டை அவள் வீட்டுக்கு மாற்றி, கூரைமேல் குழாய் கட்டினார்கள். பண்டிகைக்கு அம்மன் மைக் இல்லாமலே இருந்துகொண்டது. சந்தைக்குப் போவதென்றால் மாராயி முதல் நாளே சொல்லிவிட வேண்டும், அன்றைக்கு யாரும் விறகு அடுக்கமாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், ஊசி போடுகிற கிழமைகளை எழுதிய சுவரில், அதற்குக் கீழேயே மாராயியின் போன் நம்பரையும் எழுதி வைத்தாள். அவள் போனில் "ஏனுங்" என்றாலும் வலி போயிற்று.

தேள்களுக்கும் சொந்தபந்தம் இருக்கும் அல்லவா. ஒன்று இன்னொன்றிடம் சொல்லி, அது மலை தாண்டிச் சொல்லி, பின்னாலேயே லாரிக்காரர்கள் போன் நம்பரையும் கொண்டுபோய், மூன்று மாதத்துக்குள் அடுத்த ஜில்லாவிலிருந்து போன் வந்தது, அப்புறம் ஆந்திராப் பக்கத்து மிளகாய்க் காட்டிலிருந்து வந்தது, அப்புறம் எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாத, எந்தப் பாஷை என்றும் பிடிபடாத இடங்களிலிருந்தெல்லாம் வந்தது. தமிழில் ஓர் எழுத்துத் தெரியாதவர்களும் அந்தப் பேரை மட்டும் சுத்தமாகச் சொன்னார்கள்.

முதல் மாதம் மாராயி சந்தோஷமாக இருந்தாள், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. காலையில் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தரம் பேர் கேட்கும்போதும் முந்தானையைச் சரி செய்துகொண்டு "ஏனுங்" என்றாள். ஒரு நாளைக்கு நாற்பது தரம் கூப்பிட்டார்கள், தேளைக் கூப்பிட்ட மாதிரியே.

ஆனால் கூப்பிட்டவர்கள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் "ஏனுங்" என்றதும் வலி போய்விடும், வலி போனதும் அவர்களும் போய்விடுவார்கள். "எப்படி இருக்கீங்க?" என்று ஒரு தரம் அவளாகக் கேட்டுப் பார்த்தாள். "ஆருங்க பேசறது?" என்று கேட்டுவிட்டு அந்த ஆள் வைத்துவிட்டான். வலி இருக்கும் மட்டும் அவள் மாராயி, வலி தீர்ந்தால் கடைசி வீடு.

போகப் போக அதுவும் இல்லாமல் ஆயிற்று. பேர் முழுக்கத் தேள் பக்கம் போய்விட்டது. "செவுத்துல ஒரு மாராயி போவுது பாரு, செருப்பை எடு" என்று ஒரு வீட்டில் சத்தம் கேட்கும். "அமாவாசைக்கு மாராயி நடமாட்டம் சாஸ்தி, பாத்துப் போ" என்று இன்னொரு வீட்டில் கேட்கும். குவாரியில் செருப்புக்கடியில் நசுங்கிய மாராயிகளைக் குச்சியால் ஓரமாகத் தள்ளினார்கள். அந்தப் பேரைச் சும்மா சொன்னால் பூச்சி வந்துவிடும் என்று அவளைக் கூப்பிட அதை உபயோகிக்க எல்லோரும் பயந்தார்கள். அவளுக்கு "ஏனுங்கக்கா" என்று புதுப்பேர் வைத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் மாராயி என்ற பேரில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி பிரியதர்ஷினி என்று மாற்றிக்கொண்டாள், ஒருத்தி மகாலட்சுமி என்று மாற்றிக்கொண்டாள், மூன்றாமவள் மாற்றிக்கொள்கிற வயசைத் தாண்டிவிட்டதால் அவளை யாரும் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள்.

டவுன் காலேஜிலிருந்து ஒரு பேராசிரியர் நோட்டும் பேனாவுமாக வந்து இரண்டு நாள் தங்கினார். தேளின் ஆதிப்பேர் மாராயி என்பதே, தேள் என்பது பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சொல், மாராயி என்பதற்கு மாறாத நோவைத் தருபவள் என்று பொருள் என்று நிலைநாட்டி எட்டுப் பக்கத்துக்குக் கட்டுரை எழுதினார். எழுதி முடிக்கும் வரை அவருக்கு மூன்று சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தவளிடம் உங்கள் பேர் என்ன என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

ஆவணி மாதத்தில், வடக்கேயிருந்து ஒரே நாளில் நான்கு போன் வந்தபோதுதான் மாராயிக்கு அந்த எண்ணம் விழுந்தது. விழுந்ததும் வேப்பமரத்தடி ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். சென்னியப்பன் எங்கே இருந்தாலும் பாறையில்தானே துளை போட்டுக்கொண்டிருப்பான். பாறை இருக்கிற இடத்தில் தேள் இல்லாமலா போகும்? கொட்டினால் அவன் வாயிலும் அந்தப் பேர்தானே வந்தாக வேண்டும்?

அன்றிலிருந்து அவள் தினம் சாயங்காலம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வேலிக்கடியில் போகிற வருகிற தேள்களிடம் பேச ஆரம்பித்தாள். "அந்தப் பக்கமாப் போனீங்கன்னா பாருங்க சாமி. போர் லாரில இருப்பாரு. எடது புருவத்துல வெட்டுத் தழும்பு. கொட்டுங்க. ரொம்ப வேண்டாம். குஞ்சா ஒண்ணைய விட்டு லேசாக் கொட்டச் சொல்லுங்க. கூப்பட்டா நான் ஒடனே ஏனுங்னு கேட்டுருவேன், அவரைய வலியில விட மாட்டேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் விறகு அடுக்கிக்கொண்டிருந்த பூவாத்தாள் அதைக் கேட்டாள். கேட்டும் கேட்காதவள் போல, கையிலிருந்த விறகைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். தனியாக இருக்கிற பொம்பளை பூச்சியிடம் பேசுகிறாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. பூவாத்தாள் எதையும் சொல்லாமல் இருந்தது அவள் வாழ்நாளில் அது ஒரு தரம்தான்.

ஐப்பசி அமாவாசையன்று குவாரிக்கு விடுமுறை. மாராயி வீட்டில் இருந்தாள். மத்தியானம் போன் அடித்தது. முதலில் ஒரு பெண்குரல், வடக்கத்திப் பாஷையில், பதறிப் பதறி எதையோ சொன்னது. பிறகு போன் கைமாறுகிற சத்தம். பிறகு, "மாராயீ."

கடைசி எழுத்தில் அந்த இழுப்பு.

"ஏனுங்" தொண்டை வரைக்கும் ஏறி வந்துவிட்டது. மாராயி அதை அங்கேயே பிடித்து நிறுத்திக்கொண்டாள். உடனே கேட்டுவிடுவேன் என்று தேளுக்குக் கொடுத்த வாக்கு நினைவில்தான் இருந்தது. இருந்தாலும் பன்னிரண்டு வருஷம். இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று நினைத்தாள். கூப்பிட்டான். இன்னும் ஒரு தரம். கூப்பிட்டான். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் கூப்பிடுகிற ஒவ்வொரு மாராயியையும் ஒன்றுவிடாமல் உள்ளே வாங்கிக்கொண்டாள். தேய்ந்துபோன அந்தப் பழைய சத்தத்தின் மேல் இந்தப் புதுச் சத்தம் பூசினாற்போல் போய் உட்கார்ந்தது. பத்துத் தரமாவது கேட்டுவிட வேண்டும் என்று இருந்தாள்.

அப்போது அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. "பாபா, பாபா" என்று அழுதது. கிரஷரில் வேலை செய்கிற வடக்கத்தி ஆட்கள் ஊருக்குப் போன் போடும்போது கேட்டுக் கேட்டு, அது அப்பாவைக் கூப்பிடுகிற வார்த்தை என்று மாராயிக்குத் தெரியும்.

"ஏனுங்" என்றாள்.

சத்தம் நின்றுவிட்டது. குழந்தையின் அழுகையும் மெல்ல நின்றது. போனில் மூச்சு மட்டும் கேட்டது. சென்னியப்பனுக்கு மூச்சு விடும்போது மூக்கில் லேசாக ஒரு விசில் சத்தம் வரும். அது வந்தது. அந்த மூச்சு ஒரு கணம் தடைபட்டதை வைத்து, பேசுவது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போது அவனுக்கு வலி இல்லை. இப்போது ஒரே ஒரு தரம் கூப்பிட்டால் போதும், வா என்றோ வருகிறேன் என்றோ சொல்ல வேண்டாம், பேரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடட்டும் என்று காத்திருந்தாள்.

"செரியாப் போச்சுங்க" என்றான் சென்னியப்பன். "ரொம்ப நன்றிங்க."

வைத்துவிட்டான்.

மாராயி போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். அழுகை வரும் என்று சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தாள், வரவில்லை. தபால் ஆபீசில் சொல்கிற மாதிரி அந்த "ங்க" மட்டும் காதில் முள்ளாக நின்றது. எழுந்து பின்பக்கம் போனாள். துவைக்கிற கல்லுக்கு முன்னால் குனிந்தாள். அவளுக்குக் கோபம் தேள்மேல் இல்லை. அதுவும் அவளைப் போலக் கூப்பிட ஆளில்லாமல் கிடந்ததுதானே. ஆனால் ஊர் உலகமெல்லாம் வலியெடுத்தால் கத்துகிற பேராக, செருப்பைத் தேடுகிற பேராகத் தன் பேர் இருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"தேளு, தேளு, தேளு" என்றாள். "இந்தா உன்ற பேரு. என்றதைக் குடுத்துரு சாமி. ஆரும் கூப்படாட்டிப் போவுது, அது என்றகிட்டயே சும்மா கெடக்கட்டும்."

கல்லைப் புரட்டினாள். அதே தேள் இருந்தது. குஞ்சுகள் வளர்ந்து அவரவர் வழியே போய்விட்டன போலிருந்தது, முதுகு வெறுமையாக இருந்தது. எட்டு மாதமாக யாரும் தன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாததால் அது ஒரு கணம் விளங்காமல் நின்றது. பிறகு மெதுவாக வாலைத் தூக்கி, அவள் சுண்டுவிரலில் கொட்டியது. பேர் கைமாற அதற்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

இத்தனை பேருடைய வலியை ஒற்றை வார்த்தையில் இறக்கியவளுக்கு, அந்த வலி எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது. விரலில் தீக்கங்கு வைத்தது போல ஆரம்பித்து முழங்கைக்கு ஏறியது. அவள் வாயைத் திறந்தாள், ஊரில் எல்லோருக்கும் வந்ததே அவளுக்கும் வந்தது. "மாராயீ!" என்று கத்தினாள். கத்திவிட்டுத் தானே "ஏனுங்" என்று கேட்டாள். வலி இறங்கவில்லை. மறுபடியும் கத்தினாள், மறுபடியும் கேட்டாள். முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறியது. தன்னைத் தானே கூப்பிட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்வது செல்லாது போலிருக்கிறது. மண்ணில் உட்கார்ந்து, கையை மடியில் போட்டுக்கொண்டு, மாராயீ மாராயீ என்று கரடு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

கரடு முழுக்கக் கேட்டது. யாரையோ கொட்டிவிட்டது என்றார்கள். ஏனுங்கக்கா எங்கே போய்த் தொலைந்தாள், இந்நேரம் பதில் சொல்லியிருக்க வேண்டாமா என்றார் மேஸ்திரி பொன்னுச்சாமி. மைக் ரிப்பேரா என்று கேட்டார் ஒருத்தர். அவரவர் வாசலில் நின்று, அவள் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

பூவாத்தாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முதல் சத்தத்தில் அவளும் அப்படித்தான் நினைத்தாள். இரண்டாவது சத்தத்தில் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்தாள். மூன்றாவது சத்தத்தில் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையோடு வேலியோரம் வந்தாள். அவளை எதுவும் கொட்டியிருக்கவில்லை. உடம்பில் எங்கேயும் வலி இல்லை. அந்தப் பேரைச் சொன்னால் பூச்சி வரும் என்று ஊரே பயப்படுவது அவளுக்கும் தெரியும்.

"என்ன மாராயி?" என்றாள்.

தோளைத் தாண்டப் போன வலி அங்கேயே நின்றது. நின்று, வந்த வழியே முழங்கைக்கு இறங்கி, மணிக்கட்டுக்கு இறங்கி, சுண்டுவிரல் நுனியில் ஒரு துளியாகி, போயிற்று. மாராயிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பன்னிரண்டு வருஷத்து அழுகை ஒரே மூச்சில் வந்தது.

"அங்கயே இரு மாராயி, வாரேன்" என்றாள் பூவாத்தாள். தெருவைச் சுற்றிக்கொண்டு வரப் பொறுமை இல்லாமல் கிளுவை வேலியைக் கையால் விலக்கிக்கொண்டு, முள் கிழித்ததைச் சட்டை செய்யாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து கொட்டுப்பட்டவர்கள் "தேளு" என்று கத்தினார்கள். வலி அதன் இஷ்டத்துக்கு இருந்து, இறங்குகிறபோது இறங்கியது. கொஞ்ச நாள் ஊர் மாராயிமேல் கோபமாக இருந்தது, கைக்கு எட்டின வைத்தியத்தைக் கெடுத்துவிட்டாளே என்று மேஸ்திரி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஸ்டூலை எடுத்து உள்ளே போட்டுவிட்டுக் கூடையைக் கொடுத்தார்கள். மைக் செட் அம்மனுக்குத் திரும்பிப் போனது. அரிசிப் பானையிலிருந்து எடுத்த போன் அப்புறம் அடிக்கவில்லை. பேராசிரியர் மட்டும் கட்டுரையைத் திருத்தவில்லை.

வேலியில் பூவாத்தாள் புகுந்து வந்த இடத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து விழுந்திருந்தது. அதை அடைக்க வேண்டும் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டிருந்தார்கள், யாரும் அடைக்கவில்லை. தினம் காலையில் பூவாத்தாள் அந்தச் சந்தில் நின்று, கொட்டும் இல்லாமல் காரியமும் இல்லாமல், "மாராயி" என்று கூப்பிடுவாள். உள்ளே மாராயிக்குக் கேட்டுவிடும். அடுப்புக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பூவாத்தாள் இன்னொரு தரம் கூப்பிடுவாள். அதற்கப்புறம்தான் மாராயி, "ஏனுங்க்கா" என்று எழுந்து வருவாள்.